நான்கு போர்கள், நான்கு முடிவுகள்: மைசூரை எதிர்த்த கும்பினியின் போர்முடிப்பு உத்திகளும் சென்னையின் மேற்குப் புறவூர்களும் (1767–1799)

ஆய்வுச் சுருக்கம்

மைசூர் அரசர்களான ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோருடன் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி 1767 முதல் 1799 வரை நான்கு போர்களை நடத்தியது. அந்நான்கும் நான்கு வெவ்வேறு வகையில் முடிவுற்றன. உறுதி தளராத ஒரு பகைவனுடன் நடக்கும் போரை எவ்வெவ்வழிகளில் முடிக்கலாம், ஒவ்வொரு வழியும் எதை விட்டுச்செல்கிறது என்னும் வினாக்களை இந்நான்கு முடிவுகளையும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. படைகள் கடந்துசென்ற பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர், திருப்பாச்சூர் வட்டாரம் இவ்வாய்வின் நிலைக்களமாக அமைகிறது. பகைவனின் உறுதி இயல்பாய் அமைந்த ஒன்று மட்டுமன்று. காக்கப்படாத உடன்படிக்கையும் அதனை வளர்த்தது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: ஆங்கில – மைசூர்ப் போர்கள், ஹைதர் அலி, திப்பு சுல்தான், செங்கற்பட்டு ஜாகீர், பூந்தமல்லி, திருப்பாச்சூர், புள்ளலூர், உடன்படிக்கைகள்.

1. முன்னுரை

போர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தொடக்கத்திற்கான காரணங்களையும் களத்தில் நிகழ்ந்த வெற்றி தோல்விகளையும் விரிவாகக் கூறுவர். போர் எவ்வாறு முடிக்கப்பட்டது என்பது பெரும்பாலும் உடன்படிக்கையின் பெயரோடும் நாளோடும் நின்றுவிடுகிறது. எனினும், அடுத்த போரின் வித்து முந்தைய போரின் முடிவிலேயே ஊன்றப்படுவதை மைசூர்ப் போர்கள் தெளிவாகக் காட்டுகின்றன. முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரே இரு தரப்பினர் நான்குமுறை போரிட்டு, நான்குமுறை அதனை முடித்துள்ளனர். ஒப்பீட்டாய்வுக்கு இத்தகைய தொடர் எளிதில் கிட்டுவதில்லை.

முதற்போரின் முடிவில் கும்பினி அச்சத்தால் அமைதி கொண்டது. இரண்டாம் போரின் முடிவில் களைப்பால் அமைதி கொண்டது. மூன்றாம் போரில் பகைவனைப் பாதியாகக் குறைத்தது. நான்காம் போரில் பகையரசையே அகற்றியது. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவில் தீர்ப்புக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒவ்வொரு தேர்வும் எந்தச் சூழலில் எழுந்தது, அதன் விலையைச் செலுத்தியவர் யாவர் என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

2. நிலைக்களம்

இன்று சென்னைப் பெருநகரின் மேற்குப் புறவூர்களாக விளங்கும் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர், திருமுல்லைவாயில் ஆகியவை 18ஆம் நூற்றாண்டில் ஏரிப்பாசனத்தால் வாழ்ந்த வேளாண் ஊர்கள். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் படைவழிகள் இவ்வட்டாரத்தை ஊடுருவிச் சென்றன. ஒன்று பூந்தமல்லி வழியாகத் திருப்பெரும்புதூர், காஞ்சிபுரம், ஆற்காடு நோக்கிச் சென்றது. மற்றொன்று திருவள்ளூரையும் அதனை அடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையையும் நோக்கிச் சென்றது. மைசூரிலிருந்து சென்னைக்கு வருபவரும் சென்னையிலிருந்து மைசூருக்குச் செல்பவரும் இவ்வழிகளைத் தவிர்ப்பது அரிதாயிருந்தது.

இவ்வூர்கள் அடங்கிய நிலப்பகுதியை 1763இல் ஆற்காட்டு நவாபு முகமது அலி கும்பினிக்கு ஜாகீராக வழங்கினார். செங்கற்பட்டு ஜாகீர் எனப் பெயர்பெற்ற இப்பகுதியைக் கும்பினிக்காகத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அளவிட்டார். ஏறத்தாழ 2,000 ஊர்களின் வீடுகள், நிலங்கள், நீர்நிலைகள், மானியங்கள், தொழிற்பிரிவினர் ஆகிய விவரங்கள் அவ்வளவீட்டில் பதிவாயின. இரண்டாம் போருக்கு முந்தைய வாழ்வை அறிய இதுவே முதன்மைச் சான்று. சென்னைக் கோட்டையின் சோறும் வைக்கோலும் வண்டிமாடும் பெருமளவு இந்த ஜாகீரிலிருந்தே வந்தன. ஆகவே, சென்னையை வெல்ல இயலாத பகைவனுக்கும் இந்த ஊர்கள் எட்டும் தொலைவில் இருந்தன.

3. 1769: வாயிலில் பெற்ற அமைதி

முதற்போரின்போதே இவ்வுண்மையை மைசூர் உணர்ந்திருந்தது. 1767இல் ஹைதரின் படை திருவண்ணாமலைப் பக்கம் போரிட்டுக்கொண்டிருக்கையில், இளைஞரான திப்பு குதிரைப்படையுடன் சென்னையின் சுற்றுப்புறம் வரை வந்து திரும்பினார். 1769 மார்ச் இறுதியில் ஹைதரே தேர்ந்தெடுத்த 6,000 குதிரைவீரருடன், கும்பினியின் முதன்மைப் படையைத் தொலைவில் விட்டுவிட்டு, ஏறத்தாழ 130 மைலை மூன்றரை நாளில் கடந்து பரங்கிமலை அருகே வந்து நின்றார்.

குதிரைப்படையால் கோட்டையைப் பிடிக்க இயலாது என்பது ஹைதருக்குத் தெரியும். ஆயினும், கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் பட்டணமும் தோட்ட வீடுகளும் ஜாகீர் ஊர்களும் அவர் கையில் இருந்தன. கும்பினி பேச்சுக்கு உடன்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் கையெழுத்தான சென்னை உடன்படிக்கையின்படி, சில விலக்குகள் நீங்கலாக, இரு தரப்பும் வென்ற இடங்களைத் திருப்பித் தந்தன. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் படையுதவி செய்ய வேண்டும் என்னும் கூறும் அதில் இடம்பெற்றது.

ஹைதரின் நோக்கம் இங்கு வரையறைக்கு உட்பட்டிருந்தமை கருதத்தக்கது. அவர் கேட்டது நிலமன்று, பொருளுமன்று. மராத்தியர் மீண்டும் படையெடுத்து வந்தால் தமக்குத் துணையாக நிற்கும் ஓர் அயலாரையே அவர் நாடினார். வெற்றி பெற்றவர் சிறிதளவே கேட்டதனால் போர் விரைந்து முடிந்தது.

4. காக்கப்படாத உடன்படிக்கை

அந்தத் தேவை ஓராண்டுக்குள்ளேயே எழுந்தது. பேஷ்வா மாதவராவின் மராத்தியப் படை மைசூரைத் தாக்கியது. 1771இல் ஹைதர் பெருந்தோல்வி கண்டார். உடன்படிக்கையைச் சுட்டி அவர் கேட்ட உதவியைச் சென்னை அரசு அனுப்பவில்லை. ஆற்காட்டு நவாபின் எதிர்ப்பும் மராத்தியரைப் பகைத்துக்கொள்ளும் அச்சமும் அதற்குக் காரணங்களாயின. பெரும் நிலப்பரப்பையும் பொருளையும் இழந்து ஹைதர் தனித்தே மராத்தியருடன் அமைதி கொண்டார்.

1779இல் சென்னை ஆளுநர் ரம்போல்டு, தஞ்சையில் வாழ்ந்த ஜெர்மானிய மறைப்பணியாளர் சுவார்ட்சு ஐயரைச் சீரங்கப்பட்டணத்திற்குத் தூதராக அனுப்பினார். சுவார்ட்சின் நேர்மையில் ஹைதருக்கு ஐயமில்லை; அவரை அனுப்பியவர்களின் சொல்லிலேயே ஐயம் இருந்தது. அதே ஆண்டில் தம் பாதுகாப்புக்கு உட்பட்டதாக ஹைதர் கருதிய மாஹேயைக் கும்பினி கைப்பற்றியது. தூது பயனின்றிப் போயிற்று.

இங்கு ஒரு பொதுமைக் கருத்துத் துலங்குகிறது. 1769இல் ஹைதர் வரையறுத்த நோக்கமுடைய பகைவர். 1780இல் அவர் கும்பினியை நிலத்திலிருந்தே அகற்ற முனைந்த பகைவர். இடைப்பட்ட பதினோராண்டுகளில் இம்மாற்றத்தை விளைவித்த காரணங்களுள் உடன்படிக்கை மீறல் முதன்மையானது. மராத்தியருடனும் நிசாமுடனும் அவர் 1780இல் கூட்டுச் சேர்ந்ததும் இதன் தொடர்ச்சியே.

5. 1780–1784: வென்றும் முடியாத போர்

1780 சூலையில் ஹைதர் ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட படையுடன் கணவாய்களின் வழியே இறங்கினார். சென்னையைச் சூழ்ந்த ஊர்களை அவருடைய குதிரைப்படை திட்டமிட்டு எரித்தது, கால்நடைகளை ஓட்டிச்சென்றது. கோட்டையை உணவின்றித் தனிமைப்படுத்துவதே அதன் உட்கிடை.

கும்பினிப் படைத்தலைவர் சர் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்திற்குச் சென்று, குண்டூரிலிருந்து வரும் கர்னல் பெய்லியின் படையை அங்கே சந்திக்க முடிவு செய்தார். பகைவன் பரவியிருக்கும் நாட்டுக்குள் சென்று கூடுவதைவிடச் சென்னை அருகிலேயே படைகளை ஒன்றுசேர்ப்பது நன்று என்று மக்லியோடு பிரபு மறுத்துரைத்தார்; அவருடைய கருத்து ஏற்கப்படவில்லை. கொசஸ்தலையாற்றின் வெள்ளம் பெய்லியைப் பல நாள் தடுத்து நிறுத்தியது. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்பு அவரை எதிர்கொண்டார். மன்றோ அனுப்பிய துணைப்படையையும் சேர்த்து ஏறத்தாழ 3,800 பேராக இருந்த பெய்லியின் படை செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் முற்றாக அழிந்தது, உயிர்தப்பியோர் சிறைப்பட்டனர். சில மணி நேர நடையில் காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ, பெரிய பீரங்கிகளைக் கோயிற்குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

ஹைதரின் முதன்மையான உத்தித் தேர்வு இந்நாளில்தான் நிகழ்ந்தது. நிலைகுலைந்து ஓடிய மன்றோவை முழுவலிமையுடன் தொடர்ந்து சென்று அழித்திருந்தால், சென்னையைக் காக்கப் படையே இருந்திராது. அவரோ ஆற்காட்டை முற்றுகையிடத் திரும்பினார். நவம்பர் தொடக்கத்தில் அதனைக் கைப்பற்றவும் செய்தார். நவாபின் தலைநகரைப் பிடித்தால் கருநாடகத்தின் வருவாய் தம் கைக்கு வரும் என்பது அவர் கணிப்பு. அக்கணிப்பு பிழையானதன்று. ஆயினும், ஆற்காட்டு முற்றுகையில் கழிந்த நாட்களில் வங்காளத்திலிருந்து சர் அயர் கூட்டும் பொருளும் படையும் கடல்வழியே சென்னைக்கு வந்து சேர்ந்தனர்.

1781 கும்பினியின் வெற்றி ஆண்டு. சூலை 1 அன்று பறங்கிப்பேட்டையிலும், ஆகஸ்டு 27 அன்று புள்ளலூரிலும், செப்டம்பர் 27 அன்று சோளிங்கரிலும் கூட் களத்தைத் தன்வயமாக்கினார். எனினும் எந்த வெற்றியும் போரை முடிக்கவில்லை. ஏனெனில், வென்ற படையிடம் ஓடும் பகைவனைத் துரத்துவதற்குக் குதிரைப்படையும் இல்லை, வண்டிமாடும் இல்லை, சில நாட்களுக்கு மேல் அரிசியும் இல்லை. ஆகஸ்டில் கூட் திருப்பாச்சூர்க் கோட்டையை நோக்கிச் சென்றதற்கு உணவுத் தேவையே முதன்மைக் காரணம். ஹைதரின் துணைப்படை நெருங்கிவந்த வேளையில் 22ஆம் நாள் அக்கோட்டை பணிந்தது. சென்னையிலிருந்து ஓரிரு நாள் நடைத் தொலைவிலுள்ள ஒரு கோட்டையின் நெற்களஞ்சியம் ஒரு பேரரசின் படைநடையை முடிவு செய்யும் நிலை அன்று இருந்தது.

ஹைதருக்கும் இதே நிலைதான். அவர் தோற்ற ஒவ்வொரு களத்திலிருந்தும் படையைக் குலையாது விலக்கிக்கொண்டார். ஆனால் கடல் அவர் கைக்கு எட்டவில்லை. நிலத்தில் எவ்வளவு அழித்தாலும் கடல்வழியாக வரும் வலிமையைத் தடுக்கத் தம்மால் இயலாது என்பதை அவரே அமைச்சர் பூர்ணையாவிடம் ஒப்புக்கொண்டதாக மார்க் வில்க்ஸ் பதிந்துள்ளார். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சப்ரன் 1782–83இல் ஐந்து கடற்போர்களில் ஆங்கிலேயரை எதிர்த்தும் முடிவான வெற்றி கிட்டவில்லை. 1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே பாசறையிலேயே ஹைதர் காலமானார். அவரது மறைவும் போரை முடிக்கவில்லை. திப்பு அதனைத் தொடர்ந்து நடத்தினார்.

6. மங்களூர்: களைப்பின் அமைதி

இப்போரை எவ்வாறு முடிப்பது என்பதில் கும்பினிக்குள்ளேயே மூன்று கருத்துகள் நிலவின. தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1782 மே மாதம் மராத்தியருடன் சால்பாய் உடன்படிக்கை செய்து, அவர்கள் வழியாக மைசூரை நெருக்க விரும்பினார். பகைவனைத் துணையின்றித் தனிமைப்படுத்தல் அவரது வழி. சென்னை ஆளுநர் மக்கார்ட்னி, கருவூலம் வெறுமையான நிலையில் திப்புவுடன் நேரடியாகப் பேசி முடிக்க விரும்பினார். தென்புலத்தில் படைநடத்திய கர்னல் புல்லர்ட்டன், பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் 1783 இறுதியில் கைப்பற்றி, மைசூரின் உள்நாட்டுக்கே போரைக் கொண்டுசெல்ல முனைந்தார்.

மக்கார்ட்னியின் வழியே நிறைவேறியது. ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அமைதி கொண்ட செய்தி 1783 நடுவில் இந்தியாவை எட்டியதும் திப்பு பிரெஞ்சுத் துணையை இழந்தார். புல்லர்ட்டன் நிறுத்தப்பட்டார். 1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வென்ற இடங்களைத் திருப்பித் தருதல், சிறைப்பட்டோரை விடுவித்தல் ஆகியவை அதன் சாரம். நான்காண்டுப் போருக்குப் பின் எல்லைகள் தொடங்கிய இடத்திற்கே மீண்டன.

இவ்வமைதியை ஹேஸ்டிங்ஸ் இழிவாகக் கருதினார். ஆயினும், சென்னை அரசின் கண்கொண்டு நோக்கினால் அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஜாகீர் பாழாய்க் கிடந்தது. 1782இல் சென்னையைப் பஞ்சம் வாட்டியது. கிராமங்களிலிருந்து ஓடிவந்தோருக்குக் கஞ்சி ஊற்றுவதற்காகத் தொடங்கப்பட்ட மணியக்காரர் சத்திரம் அப்பஞ்சத்தின் நினைவாகவே நிலைத்தது. போரைத் தொடர்வதற்கான உணவை விளைவிக்க ஊர்களில் ஆளில்லாத நிலையில், போரைத் தொடரலாம் என்ற தேர்வே உண்மையில் இருந்ததா என்பது ஐயத்திற்குரியது.

7. 1792: பாதியாக்கப்பட்ட பகைவன்

1789 இறுதியில் திப்பு திருவிதாங்கூரின் எல்லைக் காவலரணைத் தாக்கியதும் மூன்றாம் போர் மூண்டது. தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் இம்முறை முந்தைய பிழைகளைத் திருத்திக்கொண்டார். முதலாவதாக, மராத்தியரையும் நிசாமையும் தம் பக்கம் சேர்த்தார். 1780இல் ஹைதர் கட்டிய கூட்டணி இப்போது தலைகீழாயிற்று. இரண்டாவதாக, தெற்கிலிருந்து நுழைய முயன்ற மெடோசின் 1790ஆம் ஆண்டுத் திட்டத்தைக் கைவிட்டு, சென்னையிலிருந்து நேர் மேற்கே பெங்களூரை நோக்கிச் செல்ல முடிவு செய்தார்.

1791 சனவரி இறுதியில் அவர் படைத்தலைமையை ஏற்ற பாசறையை ஆங்கில ஆவணங்கள் ‘வெல்லவுட்’ என்றும் சென்னைக்கு மேற்கே 18 மைல் தொலைவிலுள்ளது என்றும் குறிக்கின்றன. ஒலியாலும் தொலைவாலும் இது பூந்தமல்லிக்கு மேற்கேயுள்ள வெள்ளவேடு எனக் கொள்ளத்தக்கது. பத்தாண்டுகளுக்கு முன் பகைவனின் குதிரைப்படை திரிந்த அதே நிலத்திலிருந்து இப்போது எதிர்த்திசையில் படை புறப்பட்டது. மார்ச்சு 21 அன்று பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது. ஆயினும் மே மாதம் சீரங்கப்பட்டணத்தின் அருகே வென்றும், மாடுகள் மடிந்து உணவு தீர்ந்தமையால், முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுக் காரன்வாலிஸ் பின்வாங்க நேர்ந்தது. மறு ஆண்டு தானிய வணிகரான வணசாரர்களின் பொதிமாட்டுக் கூட்டங்களைக்கொண்டு உணவை உறுதிசெய்த பின்னரே 1792 பிப்ரவரியில் தலைநகரை நெருக்க முடிந்தது.

அந்நிலையிலும் அவர் மைசூரை அகற்றவில்லை. நாட்டில் ஏறத்தாழப் பாதி, 3 கோடியே 30 இலட்சம் ரூபாய், பிணையாக இரு புதல்வர் என்னும் விதிகளுடன் மார்ச்சில் அமைதி செய்தார். மைசூர் முற்றும் அழிந்தால் மராத்தியரின் வலிமை மிகும் என்ற எண்ணமும், நாடுபிடிப்பை விலக்கிய 1784ஆம் ஆண்டுச் சட்டமும், படையில் பரவிய நோயும் அவரைத் தடுத்தன. சிறுவர் இருவரும் சென்னையில் வைக்கப்பட்டு, தொகை செலுத்தப்பட்டபின் 1794இல் திருப்பி அனுப்பப்பட்டனர்.

திப்பு இவ்வுடன்படிக்கையின் விதிகளை நிறைவேற்றினார் என்பது கருதத்தக்கது. ஆயினும், பாதியை இழந்தவர் அதனை மீட்கும் எண்ணத்தை விடவில்லை. பிரெஞ்சுத் துணையை அவர் மீண்டும் நாடியதற்கு இதுவே அடிப்படை. பகைவனின் ஆற்றலைக் குறைத்த இவ்வமைதி, அவனது நோக்கத்தைக் கூர்மையாக்கியது.

8. 1799: அகற்றலும் அதன் எச்சமும்

வெல்லெஸ்லி 1798இல் தலைமை ஆளுநராக வந்த சில மாதங்களுக்குள் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். பிரெஞ்சு அச்சம் உண்மையானதாகவும் பயன்படுத்திக்கொள்ளத்தக்க காரணமாகவும் ஒருங்கே அமைந்தது. நிசாமின் பிரெஞ்சுப் பயிற்சிப் படை கலைக்கப்பட்டது. திப்பு நாடக்கூடிய துணைகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து படை புறப்பட்டது. மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரிட்டு மாண்டார். கோட்டைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய பெயர்டு, 1780இல் புள்ளலூரில் சிறைப்பட்டு அதே நகரில் பல ஆண்டு அடைபட்டிருந்தவர்.

உடையார் மரபின் சிறுவர் ஒருவர் அரியணையேற்றப்பட்டார். ஹைதரிடமும் திப்புவிடமும் பணியாற்றிய பூர்ணையாவே திவானாகத் தொடர்ந்தார். பகையரசை அகற்றினும் அதன் ஆட்சிமுறையைக் கலைக்காது காத்தமை, மைசூரில் அமைதி விரைந்து நிலவியதற்கு ஒரு காரணம்.

ஆனால் இதனையும் முழுமுடிவு எனல் பொருந்தாது. திப்புவின் புதல்வர்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 சூலை 10 அன்று அக்கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. அதன்பின்னரே அவர்கள் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

9. ஊர்கள் செலுத்திய விலை

1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேசு எழுதிய அறிக்கை, 1780க்குப் பிந்தைய பாழ்நிலையை விவரிக்கிறது. போர் ஓய்ந்து பத்தாண்டு கழிந்தும் பல இடங்களில் எரிந்த சுவர்களே ஊர் இருந்ததற்கு அடையாளமாக நின்றன. பர்னார்டின் அளவீட்டையும் பிளேசின் அறிக்கையையும் அருகருகே வைத்து நோக்கினால், போரின் முன்னும் பின்னுமான இரு காட்சிகள் கிடைக்கின்றன.

ஏரிப்பாசன நாட்டில் இவ்வழிவு நீடித்ததன் காரணம் எளிது. வீடு எரிந்தால் ஓராண்டில் கட்டலாம். ஆனால் கரையைக் காத்து, மதகைத் திறந்து மூடி, வரத்துக்கால்களைத் தூர்வாரும் மக்கள் சிதறிவிட்டால் ஏரி சில பருவங்களில் கெடும். ஏரி கெட்டால் மீள்வோருக்கும் விளைநிலமில்லை. ஜாகீரில் ஏரிகளைச் செப்பனிடுதல் பிளேசின் பணிகளுள் முதன்மை பெற்றது இதனாலேயே. மதுராந்தகம் ஏரிக்கரை பற்றிய செவிவழிக் கதை அவர் பெயரை இன்றளவும் காத்துவருகிறது.

இவ்வூரார் எந்த உடன்படிக்கையிலும் ஒரு தரப்பாகக் குறிக்கப்படவில்லை. மங்களூரில் எல்லைகளும் கைதிகளும் பேசப்பட்டனர். ஓட்டிச்செல்லப்பட்ட மாடுகளும் உடைந்த கரைகளும் பேசப்படவில்லை. அழித்தது மைசூர்க் குதிரைப்படை. 1771இல் சொல் தவறி அப்படையை வரவழைத்ததில் பங்குடையது சென்னை அரசு.

10. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, களவெற்றி போரை முடிப்பதில்லை. 1781இன் மூன்று வெற்றிகளும் 1791 மே மாத வெற்றியும் இதற்குச் சான்று. உணவும் வண்டிமாடும் உள்ளவரே போரின் முடிவைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

இரண்டாவது, உறுதிமிக்க பகைவனின் வலிமை அவன் நாடக்கூடிய துணைகளில் பெரிதும் தங்கியிருந்தது. 1780இல் ஹைதருக்கு மராத்தியர், நிசாம், பிரெஞ்சுக்காரர் ஆகிய மூவரும் துணை. 1799இல் திப்புவுக்கு ஒருவரும் இலர். நான்கு போர்களின் முடிவு வேறுபாட்டை இம்மாற்றம் பெருமளவு விளக்குகிறது.

மூன்றாவது, குறைந்த விலையில் போரை முடிக்கும் வாய்ப்பு முதற்போரிலேயே கிட்டியது. 1769இன் உடன்படிக்கை வலுவற்றதாக இருந்தமையால் தோற்கவில்லை, காக்கப்படாமையால் தோற்றது. அகற்றல் தவிர வேறு வழியில்லை என்று 1799இல் கூறப்பட்ட வாதத்தை மதிப்பிடுவோர், முப்பதாண்டுகளுக்கு முன் பரங்கிமலையில் ஏற்கப்பட்ட கடப்பாட்டையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

பூந்தமல்லி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைவீரர்களின் தங்குமிடமாக மாறியது. அம்பத்தூர், ஆவடி ஏரிகளின் கரைகளில் இன்று தொழிற்பேட்டைகளும் குடியிருப்புகளும் நிறைந்துள்ளன. பர்னார்டின் ஊர்க்கணக்குகளை ஊர்வாரியாக எடுத்து, 1780க்குப் பிந்தைய வருவாய்ப் பதிவுகளுடன் ஒப்பிட்டால், எந்த ஊர் எத்தனை ஆண்டில் மீண்டது, எது மீளவேயில்லை என்பதைக் கணிக்க முடியும். மைசூர்ப் போர்களின் உண்மையான முடிவு நாட்களை அத்தகைய ஆய்வே தரவல்லது.